கூரைமேல் அரைச்சாண் மண்

மண் என்ற சொல்லைக் கேட்டவுடன் நம் மனக்கண்முன் வந்து நிற்பது வயல், கூரை அன்று. ஆயினும் ஜெர்மனி, சுவிட்சர்லாந்து முதலிய நாடுகளில் பல கட்டடங்களின் தட்டைக் கூரைகள்மீது இன்று செடிகள் வளர்கின்றன. அவை தொட்டிச் செடிகள் அல்ல. கூரை முழுவதும் பரப்பிய மெல்லிய படுகையில் வேரூன்றியவை. இத்தகைய கூரையைப் பசுங்கூரை என்கிறோம். மழைநீரைத் தாங்கி மெல்ல விடுவதும், வெயிலின் கடுமையைத் தணிப்பதும் இதன் பயன்கள் என்று நீங்கள் படித்திருக்கக்கூடும். நான் இன்று பேச விரும்புவது மேலே தெரியும் பசுமையைப் பற்றியன்று. அதன் அடியில் கிடக்கும் பொருளைப் பற்றி. அறிஞர்கள் அதனை 'வளர் ஊடகம்' என்பர். மண் என்று எளிதாகச் சொல்லிவிடலாமே, புதுப்பெயர் எதற்கு என்று கேட்பீர்கள். பெரும்பாலான பசுங்கூரைகளில் இருப்பது நாம் அறிந்த மண் அன்று என்பதே காரணம்.

வயல் மண்ணை வெட்டி மேலே கொட்டினால் என்ன? முதலில் எடையைப் பாருங்கள். நன்றாக நனைந்த வயல் மண் ஒரு கன மீட்டருக்கு ஏறத்தாழ 1,800 கிலோ இருக்கும். அரைச்சாண் கனத்தில், அதாவது 10 சென்டிமீட்டர் உயரத்தில், அதைப் பரப்பினால் சதுர மீட்டருக்கு 180 கிலோ. நூறு சதுர மீட்டர் மாடியில் 18 டன்! நான்கைந்து யானைகளை இரவும் பகலும் மாடியில் நிறுத்திவைப்பதற்கு ஒப்பான காரியம் இது. அந்தச் சுமைக்கென்று கட்டப்படாத கூரையின்கீழ் யார்தான் அச்சமின்றி உறங்குவார்?

சரி, கூரை வலிமையானது என்றே வைத்துக்கொள்வோம். அப்போதும் ஓர் இடையூறு உண்டு. அதை விளக்க நான் ஒரு சிறு சோதனையைச் செய்து காட்டுவதுண்டு. நீங்களும் வீட்டில் செய்து பார்க்கலாம். பாத்திரம் துலக்கும் நீள்சதுர ஸ்பஞ்சு ஒன்றை நீரில் முழுக்க நனையுங்கள். அதைப் படுக்கை வசமாகப் பிடித்துக்கொண்டு, நீர் சொட்டுவது நிற்கும்வரை காத்திருங்கள். பிறகு, பிழியாமல், அப்படியே நெட்டுக்குத்தாக நிமிர்த்துங்கள். நின்றுபோன நீர் மறுபடியும் சொட்டத் தொடங்கும்! ஸ்பஞ்சு மாறவில்லை, அதன் துளைகளும் மாறவில்லை. மாறியது உயரம் ஒன்றே. உயரம் கூடியதும் மேலேயுள்ள நீரின் எடை கீழேயுள்ள நீரை வெளியே தள்ளிவிடுகிறது.

வயல் என்பது நிமிர்த்திய ஸ்பஞ்சு. கூரைப் படுகையோ படுக்கவைத்த ஸ்பஞ்சு. வயலில் மழை பெய்தால் நீர் பல அடி ஆழம்வரை இறங்கிச் செல்கிறது. கூரையில் அரைச்சாண் ஆழத்திலேயே மண் முடிந்துவிடுகிறது. அடியில் பருங்கற்களைப் பரப்பினால் நீர் ஓடிவிடும் என்று தோன்றும். ஆனால் மண்ணின் நுண்புழைகள் நீரை விடாமல் பற்றிக்கொள்கின்றன. அடிமண் நிரம்பித் ததும்பும்வரை நீர் பருங்கற்களுக்குள் இறங்குவதில்லை. களிமண் கலந்த மண்ணாயின் படுகை முழுவதும் ஊறிக் கிடக்கும். வேருக்கு மூச்சுவிடக் காற்று இராது. அதே படுகை கோடையில் சில நாட்களில் வறண்டு வெடிக்கும். மழைக்காலத்தில் குட்டை, வெயிற்காலத்தில் பொட்டல். நடுவே அகப்பட்ட செடி என்ன செய்யும்?

வேண்டுவது இதுதான்: நீரும் நிற்க வேண்டும், காற்றும் நிற்க வேண்டும், எடையும் குறைய வேண்டும். இம்மூன்றும் ஒன்றுக்கொன்று பகை. இவற்றைச் சமாதானப்படுத்தும் வழி துளைகளுள்ள பருமணிகளில் கிடைத்தது. மணிகளுக்கு இடையேயுள்ள பெரிய வெளிகளில் நீர் வடிந்து காற்று புகும். மணிகளுக்குள்ளே இருக்கும் நுண்துளைகளில் நீர் தங்கும். நுரைக்கல்லும் எரிமலைக் கல்லும் இத்தகையவை. ஜெர்மனியில் ஐஃபல் மலைப்பகுதியில் இவை வெட்டி எடுக்கப்படுகின்றன. இயற்கையில் கிடைக்காத இடங்களில் சிலவகைக் களிமண்ணை 1,100 பாகைக்கு மேற்பட்ட வெப்பத்தில் சூளையிடுகிறார்கள். உள்ளே பிறக்கும் வாயுக்கள் களிமண்ணை உப்பச் செய்ய, நெல் பொரியாவதுபோல் அதுவும் பொரிந்து இலேசாகிவிடுகிறது. பொரிக்க எரிபொருள் வேண்டுமே என்பதை மறக்கலாகாது. சூழலைக் காக்க எழுப்பும் கூரைக்காகச் சூளை எரிப்பதைவிட, இடித்த வீடுகளின் செங்கல்லையும் ஓட்டையும் நொறுக்கிப் பயன்படுத்துவதே மேல் என்பது என் கருத்து. அதுவும் பல ஊர்களில் நடைபெறுகிறது.

எருவைப் பற்றி ஒரு சொல். எரு மிகுந்தால் செடி செழிக்கும் என்பது நம் உழவர் அனுபவம். கூரையில் அது செல்லாது. எரு சில ஆண்டுகளில் மக்கிக் கரைய, படுகை அமுங்கித் தாழ்ந்துவிடும். கரைந்த சத்துக்கள் மழைநீரோடு வடிகாலுக்குப் போய் நீர்நிலைகளைக் கெடுக்கும். கொழுத்து வளர்ந்த தளிர்கள் முதல் வறட்சியிலேயே வாடும். ஆகவே மெல்லிய கூரைகளில் பெரும்பங்கு கனிமப் பொருளே. மக்கிய பொருள் சிறிதளவே. இந்த ஏழ்மையிலும் வாழ்வது 'சீடம்' என்னும் சதைப்பற்றுள்ள சிறு செடி. வறட்சி வந்தால் அதன் இனங்கள் பல பகலில் இலைத்துளைகளை மூடிக்கொண்டு, இரவில் திறந்து கரியமில வாயுவை வாங்கிச் சேமிக்கும். சிக்கனத்தில் அதை மிஞ்சுவது அரிது!

இவற்றையெல்லாம் ஜெர்மானியர் அளவுகோலாகவே வகுத்துவிட்டனர். அந்நாட்டு வழிகாட்டி நூலின்படி, மெல்லிய படுகையின் ஊடகம் தன் கொள்ளளவில் 35 விழுக்காட்டிற்குக் குறையாமல் நீரைத் தாங்க வேண்டும். முழுதும் நனைந்த நிலையிலும் 10 விழுக்காடேனும் காற்று இருக்க வேண்டும். வண்டலும் களியும் எடையில் 15 விழுக்காட்டிற்கு மிகலாகாது. ஆனால் இந்த அறிவு எண்களிலிருந்து தொடங்கவில்லை. பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் பெர்லின் நகரில் தார்த்தாள் வேய்ந்த கூரைகளைத் தீயிலிருந்து காக்க அவற்றின்மேல் மணலும் சரளையும் பரப்பினார்கள். விதைத்தவர் எவருமின்றி அங்கே பாசியும் புல்லும் முளைத்தன. இவ்வாறு சரளைக் கூரைகளில் தாமாக வளரும் தாவரங்களை ஆராய்ந்து ரைன்ஹார்ட் போர்ன்காம் என்னும் ஜெர்மானிய அறிஞர் 1961-இல் ஒரு கட்டுரை வெளியிட்டார்.

இதுகாறும் வயல் மண் கூரைக்கு ஆகாது என்றேன். அதற்கு மாறான சான்று ஒன்று உண்டு. அதை மறைப்பது முறையன்று. சூரிச் நகரின் வொலிஸ்ஹோஃபன் பகுதியில் 1914-இல் ஒரு குடிநீர் வடிகட்டும் நிலையம் கட்டினார்கள். உள்ளிருக்கும் நீர் கோடையில் சூடேறாதிருக்க, அந்த எடையைத் தாங்கும்படி அமைத்த கான்கிரீட் கூரைமேல் சிறிது மணலும் சரளையும் பரப்பி, அதன்மீது அக்கம்பக்கத்து மண்ணை 15 முதல் 20 சென்டிமீட்டர் வரை இட்டார்கள். மண்ணோடு விதைகளும் ஏறின. கீழே சுற்றுப்புற நிலங்கள் மாறிப்போயின. பழைய ஈரப் புல்வெளிகள் அழிந்தன. கூரையில் மட்டும் அந்தப் புல்வெளி பிழைத்துக்கொண்டது! ஏறத்தாழ 175 வகைத் தாவரங்கள் அங்கே கணக்கிடப்பட்டுள்ளன. அவற்றுள் ஒன்பது ஆர்க்கிட் இனங்கள். நீர் எளிதில் வடியாத மண் என்று நாம் குறை கூறினோமே, அந்தக் குணமே ஈரம் விரும்பும் ஆர்க்கிட்டுகளுக்கு உதவியாயிற்று. எந்த ஊடகம் நல்லது என்ற கேள்விக்கு விடை, அதில் எவை வாழவேண்டும் என்பதையும் பொறுத்தது.

இந்தப் பாடத்தைப் பாசல் நகரம் கற்றுக்கொண்டது. புதிய தட்டைக் கூரைகள் பசுமையாக்கப்படவேண்டும் என்று 2002-இல் அங்கே சட்டம் செய்தார்கள். அந்நகரக் கூரைகளில் வண்டுகளையும் சிலந்திகளையும் எண்ணி ஆராய்ந்த ஸ்டெபான் பிரென்னைசன் என்பவர், அவ்வட்டாரத்து மண்ணையே இடவேண்டும் என்றும், ஒரே மட்டமாகப் பரப்பாமல் இங்கொரு மேடும் அங்கொரு பள்ளமுமாக அமைக்கவேண்டும் என்றும் எடுத்துரைத்தார். மெல்லிய இடங்களில் வெயில் ஈரம் முழுவதையும் உறிஞ்சிவிடும் நாட்களில், சிற்றுயிர்கள் மேடுகளின் அடிஈரத்திற்குள் இறங்கிப் பிழைத்துக்கொள்கின்றன.