ஆறாத பள்ளிக்கூடக் காயம்

பள்ளிக்கூடத்துக் கேலியை 'பிள்ளைகள் விளையாட்டு' என்று பெரியவர்கள் தள்ளிவிடுவது வழக்கம். பிரிட்டனில் 1958-இல் ஒரே வாரத்தில் பிறந்த குழந்தைகளை ஐம்பது வயதுவரை தொடர்ந்து கவனித்த ஆய்வு அதை மறுக்கிறது. 7,771 பேரின் தகவல்கள் 2014-இல் வெளியாயின. ஏழு, பதினொரு வயதுகளில் அடிக்கடி துன்புறுத்தப்பட்டவர்களிடம் மனச்சோர்வும் பதற்றமும் தற்கொலை எண்ணமும் ஏறத்தாழ நாற்பது ஆண்டுகளுக்குப் பிறகும் கூடுதலாக இருந்தன.

தமிழ்நாட்டில் இந்தக் கேலிக்குச் சாதி முகமும் உண்டு. 2023 ஆகஸ்டில் நாங்குநேரியில், சக மாணவர்களின் தொல்லையைப் பள்ளியில் தெரிவித்த பட்டியல் சாதி மாணவனை அவர்கள் வீடு புகுந்து அரிவாளால் வெட்டினார்கள். தடுக்க வந்த தங்கைக்கும் வெட்டு விழுந்தது. பழிவாங்கியது துன்பப்பட்டவன் அல்ல, துன்புறுத்தியவர்கள் என்பதுதான் இதில் உறைக்கும் செய்தி. இதையடுத்து அமைந்த நீதிபதி கே. சந்துரு குழு, மாணவர்கள் சாதியைக் காட்டும் வண்ணக் கயிறுகள் கட்டத் தடை விதிக்க 2024 ஜூனில் பரிந்துரைத்தது.

துன்பப்பட்டவர்களோ பெரும்பாலும் மனதுக்குள்ளேயே கறுவுகிறார்கள். திருப்பிக் கொடுத்தால் ஆறிவிடும் என்ற நம்பிக்கையை அமெரிக்க உளவியலாளர் கெவின் கார்ல்ஸ்மித் குழு 2008-இல் சோதித்தது. விளையாட்டொன்றில் ஏமாற்றியவரைத் தண்டிக்க வாய்ப்புப் பெற்றவர்கள், வாய்ப்பே பெறாதவர்களைவிட மோசமான மனநிலையில் இருந்தார்கள். தண்டித்த பின்னும் அந்த ஆளையே அசைபோட்டுக்கொண்டிருந்தது ஒரு காரணம்.

துன்புறுத்தலுக்கு ஆளாகும் சிறுவர்கள் குழந்தைகள் உதவி எண்ணான 1098-ஐயும், பழைய வடு உறுத்தும் பெரியவர்கள் மனநல உதவிச் சேவையான டெலி மானஸின் 14416-ஐயும் கட்டணமின்றி அழைக்கலாம்.