கட்டு அவிழ்த்த பிறகு

அச்சகமொன்றில் முப்பது வருஷ காலம் புரூஃப் திருத்தியே ஜீவனம் நடத்தியவரும், 'மணம்' என்றிருக்க வேண்டிய இடத்தில் 'மனம்' என்று விழுந்துவிட்ட பிழையைக் கை நீட்டும் தூரத்திலிருந்தே கண்டுபிடித்துவிடக் கூடியவருமான என் நண்பர் ஒருவர், இடது கண்ணில் விழித்திரைக்குச் சஸ்திர சிகிச்சை நடந்த மறுநாள் காலையில் நர்ஸ் கட்டை அவிழ்த்தபோது, எதிரே நிற்கும் மனைவியின் முகம் தெரியும் என்ற நம்பிக்கையோடு கண்ணைத் திறந்தார். கலங்கிய குளத்தின் அடியிலிருந்து அண்ணாந்து பார்ப்பவனுக்குத் தெரிவது போன்ற ஒரு மங்கிய வெளிச்சமும், அதனூடே அசைந்த ஒரு நிழலுமே அவருக்குத் தெரிந்தன.

"ஆபரேஷன் பலிக்கலையா, டாக்டர்?" என்று கேட்டார்.

"ரெட்டினா நல்லா ஒட்டியிருக்கு, சார். பார்வை வர நாளாகும்" என்று சொல்லிவிட்டு டாக்டர் அடுத்த கட்டிலுக்குப் போய்விட்டார்.

இந்த இரண்டு வாக்கியங்களுக்கும் இடையே எத்தனை மாத தூரம் இருக்கிறது என்பதைச் சிகிச்சை செய்துகொள்ளும் பலர் முன்கூட்டியே அறிவதில்லை. திரையை ஒட்டுவது வைத்தியருடைய காரியம். ஒட்டிய திரை மறுபடி பார்க்கத் தொடங்குவது அந்தத் திரையின் காரியம். முதலாவது ஒன்றிரண்டு மணி நேரத்தில் முடிந்துவிடும். இரண்டாவதற்குக் காலக் கெடு வைக்க ஒருவராலும் முடியாது.

பாலின் மேல் படியும் ஆடையைப் போல, ஏறக்குறைய கால் மில்லிமீட்டர் கனத்தில், கண்ணின் உட்சுவரில் படிந்திருக்கும் மெல்லிய நரம்புப் படலமே விழித்திரை. ஒளியைக் கிரகிக்கும் அதன் அணுக்களுக்கு ஆகாரமும் பிராணவாயுவும் பெரும்பாலும் பின்னாலுள்ள ரத்தநாளப் படலத்திலிருந்தே வருகின்றன. இளமையில் நுங்கைப் போல இறுகிக் கண்ணை நிரப்பியிருக்கும் விட்ரியஸ் என்ற பாகு, வயது ஏற ஏற நீர்த்துச் சுருங்கித் திரையைவிட்டு விலகுகிறது. இது எல்லோருக்கும் நிகழ்வதுதான். ஆனால் எங்கேனும் ஓரிடத்தில் பிடிவாதமாக ஒட்டிக்கொண்டு அது இழுத்ததென்றால் திரை கிழிகிறது. கிழிசல் வழியே நீர் உட்புகுந்து, சுவரிலிருந்து திரையைச் சிறிது சிறிதாகப் பெயர்க்கிறது. கண்ணின் ஓரத்தில் மின்னல் வெட்டுவது, கரும்புள்ளிகள் திடீரெனக் கூட்டமாகப் பறப்பது, ஒரு பக்கத்திலிருந்து நிழல் திரைச்சீலையாக இறங்குவது ஆகியவை அதன் அடையாளங்கள். மைனஸ் பவர் அதிகமுள்ளவர்களுக்கும், கண்புரை சிகிச்சை ஆனவர்களுக்கும், கண்ணில் அடிபட்டவர்களுக்கும் இந்த அபாயம் கூடுதல்.

என் நண்பர் அந்த நிழலை மூக்குக்கண்ணாடியின் அழுக்கு என்று எண்ணி, ஆறு நாள் வேட்டித் தலைப்பால் துடைத்துக்கொண்டிருந்தார். அந்த ஆறு நாட்கள்தாம் பின்னால் வந்த மாதங்களை நிர்ணயித்தன. எழுத்தையும் முகத்தையும் நுட்பமாகக் காட்டுவது திரையின் நடுவிலுள்ள மாக்குலா என்ற சிறு வட்டாரம். அது பெயரும் முன்பே சிகிச்சை நடந்துவிட்டால் பழைய பார்வை பெரும்பாலும் அப்படியே காப்பாற்றப்படுகிறது. அதுவும் பெயர்ந்துவிட்டாலோ, பட்டினி கிடந்த அணுக்களில் சில மடிந்து, சில பிழைத்துத் தேறுகின்றன. எத்தனை நாள் பட்டினி என்பதைப் பொறுத்தே மிச்சமிருக்கும் பார்வையின் அளவு.

இந்த மிச்சத்தைக்கூட நம் பாட்டன்மார் காலத்தில் எதிர்பார்க்க வழியில்லை. 1851-ல் ஹெல்ம்ஹோல்ட்ஸ் கண்ணின் உட்புறத்தைக் காட்டும் கருவியைச் செய்தளித்த பிறகும், பெயர்ந்த திரையை வைத்தியர்கள் கண்ணாரக் கண்டார்களேயன்றி, இரு கண்களையும் கட்டி வாரக்கணக்கில் நோயாளியைப் படுக்கப் போடுவதைத் தவிர உருப்படியாக ஒன்றும் செய்ய இயலவில்லை. சுவிட்ஸர்லாந்தின் லோஸான் நகரத்து ஜூல் கோனின், கிழிசல் நோயின் விளைவன்று, காரணமே அதுதான் என்று வாதாடி, கிழிசல் இருக்கும் இடத்தை வெளிப்புறத்தில் குறித்துக்கொண்டு அங்கே சூடு போட்டு அடைத்தார். சகாக்களின் அவநம்பிக்கை 1920-களில்தான் மெல்லக் கரைந்தது. பின்னர் பாஸ்டனில் இத்துறையை வளர்த்த சார்ல்ஸ் ஷெப்பென்ஸ் ஒரு விசித்திரமான மனிதர். யுத்த காலத்தில் பிரான்சின் மலைக்கிராமமொன்றில் போலிப் பெயரில் மர ஆலை நடத்தியபடியே, நாஜிகளுக்குத் தப்பி வந்தவர்களை எல்லை கடத்திவிட்டவர். அவரிடம் பயின்று திரும்பிய டாக்டர் எஸ்.எஸ். பத்ரிநாத்தான் 1978-ல் சென்னையில் சங்கர நேத்ராலயாவை நிறுவினார். ராபர்ட் மாக்கெமர் 1970-ஐ ஒட்டி வகுத்த, விட்ரியஸை நுண்கருவியால் அகற்றும் முறையே இன்று பெரும்பான்மை. நூற்றுக்கு 85, 90 பேருக்கு முதல் சிகிச்சையிலேயே திரை ஒட்டிவிடுகிறது.

அகற்றிய பாகுக்குப் பதிலாக, ஒட்டிய திரையை அழுத்திப் பிடித்திருக்க வாயுக் குமிழொன்றை நிரப்புகிறார்கள். கிழிசலின் மேல் குமிழ் போய் நிற்க வேண்டுமாதலால், கிழிசல் இருக்கும் இடத்துக்கேற்பச் சிலர் ஒருக்களித்தும், சிலர் நாட்கணக்கில் குப்புறவும் படுத்திருக்க நேர்கிறது. கட்டு அவிழ்த்த அன்று என் நண்பர் கண்ட கலங்கல் இந்த வாயுவேயன்றி வேறில்லை. ஒரு வாரம் சென்றதும் மேற்புறத்தில் ஒரு கீற்று தெளிந்தது. அதன் கீழ் விளிம்பு தண்ணீர் மட்டம்போல நேர்கோடாக நின்று, அவர் தலையசைத்தபோதெல்லாம் தளும்பியது. கண்ணுக்குள் குமிழ் மேலேதான் மிதக்கிறது. விழித்திரையில் உருவம் தலைகீழாக விழுவதால் அவருக்கு அது கீழே தெரிகிறது. நாள்தோறும் மட்டம் இறங்கி, கடைசியில் பாதரசத் துளிபோல் உருண்டு, ஒரு நாள் காலையில் காணாமற்போயிற்று. வாயுவின் வகைக்கேற்ப இதற்கு இரண்டு வாரமும் ஆகும், இரண்டு மாதமும் ஆகும். அதுவரை விமானப் பிரயாணம் கூடாது, கொடைக்கானல் பஸ்ஸில் ஏறுவதும் ஆபத்து. உயரே போகப் போக வாயு விரிந்து கண்ணின் அழுத்தம் ஏறிவிடும். சிக்கலான கண்களில் வாயுவுக்குப் பதில் சிலிகோன் எண்ணெயை வைத்து, சில மாதங்கள் கழித்து மற்றொரு சிகிச்சையில் எடுப்பார்கள்.

குமிழ் மறைந்தபின் வந்த பார்வை புதிராக இருந்தது. ஜன்னல் கம்பிகள் நடுவில் நெளிந்தன, சிவப்பு வெளிறியது, வலது கண்ணில் பெரிதாகத் தெரிந்த எழுத்து இடது கண்ணில் ஒரு சுற்றுச் சிறுத்துத் தெரிந்தது. ஒளியணுக்கள் முன்பிருந்த வரிசையில் அச்சொட்டாக அமராததும், அவை இன்னும் தேறிக்கொண்டிருப்பதும் இதன் காரணங்கள். முதல் சில மாதங்களில் தெளிவு விரைந்து கூடி, அப்புறம் ஒரு வருஷமும் அதற்கு மேலும் கண்ணுக்குத் தெரியாத வேகத்தில் தொடர்கிறது. இதற்கிடையே, ஐம்பது தாண்டியவர்களில் பெரும்பாலோருக்கு ஓரிரு வருஷத்தில் கண்புரை வந்து, தேறிய பார்வையை மறுபடி மங்கச் செய்யும். புரையை அகற்றினால் அது சரியாகிவிடும். புறக்கணிக்கக் கூடாதது திரையின்மேல் தழும்பு படர்ந்து அதை மீண்டும் பெயர்ப்பதே. அது பெரும்பாலும் முதல் இரண்டு மூன்று மாதங்களில் நேர்வதால், அக்காலத்தில் நிழல் மறுபடி தென்பட்டால் அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும்.

பத்தாம் மாதத்தில் நண்பர் அச்சகத்துக்குத் திரும்பினார். நான் போயிருந்த அன்று, வலது கண்ணைப் பொத்திக்கொண்டு, இடது கண்ணால் மட்டும் புரூஃபின் தலைப்பைத் தடங்கலின்றி வாசித்துக் காட்டினார். கீழே பொடி எழுத்துக்கு வந்ததும் நின்றார். இரண்டு சுழியா, மூன்று சுழியா என்று பிடிபடவில்லை என்றார். பொத்திய கையை எடுத்துப் பார்த்து, சிவப்புப் பேனாவால் ஒரு சுழியைக் கூட்டினார்.