கடலும் மலையும் காண ஒரு குடும்பப் பயணம்

பிள்ளைகள் வாப்பா என்று அழைத்தாலும் அத்தா என்று அழைத்தாலும், சபுராளியின் விடுப்பு நாட்கள் எவ்வாறு கழிகின்றன என்பதைச் சற்று எண்ணிப் பாருங்கள். முதல் வாரம் உறவினர் வருகை. அடுத்து இரண்டு திருமணங்கள், ஒரு மையித்து வீடு, வங்கி, பத்திர அலுவலகம், பாதியில் நிற்கும் கட்டட வேலை. பெட்டி கட்டும் நாளில்தான், பிள்ளைகளோடு ஒருமணி நேரம் அமர்ந்து பேசவில்லையே என்ற நினைவு எழுகிறது. இல்லத்தரசியின் நிலையோ இன்னும் இரங்கத்தக்கது. விருந்தினருக்கு ஆக்கிப் படைப்பதிலேயே அவருடைய இரண்டு மாதங்களும் கரைந்துவிடுகின்றன.

பூமியில் பயணம் செய்து படைப்பின் தொடக்கத்தைச் சிந்திக்குமாறும், மலைகள் எவ்வாறு நாட்டப்பட்டுள்ளன என்று நோக்குமாறும் திருமறை மனிதனை அழைக்கிறது. அவ்வழைப்பு ஆண்களுக்கு மட்டும் உரியதன்று. ஆகவே அடுத்த விடுப்பில் நான்கே நாட்களைக் குடும்பத்திற்கென ஒதுக்கி வையுங்கள். உதகைக்கோ கொடைக்கானலுக்கோ போக வசதியில்லையே என்று தயங்க வேண்டாம். புதுவைக் கடற்கரையில் தங்கிக்கொண்டு செஞ்சியையும் திருவண்ணாமலையையும் காணலாம். புதுவையிலிருந்து செஞ்சி சுமார் 70 கிலோமீட்டர். திருவண்ணாமலை சுமார் 105 கிலோமீட்டர். பேருந்திலேயே சென்று மீளலாம்.

கடலோரத்தில்

1954ஆம் ஆண்டு வரை பிரெஞ்சுக்காரர் ஆட்சியில் இருந்த புதுவையில் முல்லா வீதி, காஜியார் வீதி என்று பெயர் சொல்லும் வீதிகளே நம் மக்களின் பழமையான வாழ்வுக்குச் சான்று. பள்ளிவாசல்களும் ஹலால் உணவும் அருகிலேயே கிடைக்கும். காலைத் தொழுகைக்குப் பின் கடற்கரைச் சாலையில் குடும்பத்தோடு நடந்து பாருங்கள். பாறைகள் கொட்டப்பட்ட அக்கரையில் குளிப்பது ஆபத்து. காற்று வாங்குவதற்கே அது ஏற்றது.

ஒருநாள் கடலூர் வழியாகத் தெற்கே சென்றால் பிச்சாவரத்துச் சதுப்புநிலக் காட்டைக் காணலாம். வெள்ளாற்றுக்கும் கொள்ளிடத்திற்கும் இடையே, உப்புநீரில் வேரூன்றி நிற்கும் கண்டல், சுரபுன்னை மரங்களின் நடுவே படகில் செல்வது பிள்ளைகளுக்குப் பெருவிருந்து. அவர்களிடம் ஒரு செய்தியையும் சொல்லுங்கள். 2004ஆம் ஆண்டு டிசம்பர் 26 அன்று ஆழிப்பேரலை இக்கடற்கரையைத் தாக்கியபோது, மரங்களின் பின்னால் இருந்த ஊர்களில் சேதம் குறைவாக இருந்ததை ஆய்வாளர்கள் பதிவு செய்துள்ளனர். மஹ்மூது பந்தர் என்று நம் முன்னோர் அழைத்த பரங்கிப்பேட்டையும் அருகிலேயே இருக்கிறது. வெள்ளாற்று முகத்துவாரத்தில் அமைந்த அவ்வூரில், அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் கடல்வாழ் உயிரியல் ஆய்வு மையம் உள்ளது. உயிரியல் படிக்கும் பெண்மக்களுக்கு அதைச் சுட்டிக்காட்டுங்கள்.

செஞ்சியில் ஒரு நட்பு

மறுநாள் செஞ்சி. ராஜகிரி, கிருஷ்ணகிரி, சந்திரகிரி என்னும் மூன்று குன்றுகளையும் இணைத்து எழுந்த கோட்டை அது. 2025ஆம் ஆண்டில் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலிலும் இடம்பெற்றுவிட்டது. ராஜகிரியின் உயரம் சுமார் 800 அடி. வெயில் ஏறுமுன் ஏறத் தொடங்கி, முற்பகலுக்குள் இறங்கிவிட வேண்டும். குடிநீர் கையில் இருக்கட்டும். உணவுப் பொட்டலம் குரங்குகளின் கண்ணில் படாதிருக்கட்டும். முழங்கால் வலியுள்ள முதியோர் கீழ்க்கோட்டையிலேயே தங்கிக் களஞ்சியத்தையும் கல்யாண மகாலையும் காணலாம்.

கீழ்க்கோட்டையில் உள்ள சாதத்துல்லாகான் பள்ளிவாசல் நாம் காண வேண்டிய ஒன்று. ஆற்காட்டு நவாப் சாதத்துல்லாகான், 1714இல் தேசிங்கு ராஜாவை வென்ற பின்னர், 1717–18 வாக்கில் எழுப்பப்பட்டது. அப்போரில் தேசிங்கின் பக்கம் நின்று உயிர் துறந்தவர் அவருடைய உற்ற நண்பர் மகபத்கான். நாட்டுக் கதைப்பாடல் அவரை மோவுத்துக்காரன் என்று அழைக்கிறது. திருமணப் பந்தலிலிருந்தே எழுந்து நண்பனுக்காகக் களம் சென்றார் என்றும் பாடுகிறது. எதிரே நின்ற நவாபும் முஸ்லிம். நட்புக்காக உயிர் கொடுத்தவரும் முஸ்லிம். வரலாற்றை இரண்டு சமயங்களின் சண்டையாக மட்டுமே கற்பிக்க முயல்வோர் பெருகிவரும் நாட்களில், இவ்விடத்தில் நின்று இக்கதையைச் சொல்வது நம் பிள்ளைகளுக்கு நூறு பாடங்களுக்குச் சமம்.

அண்ணாமலை அடிவாரத்தில்

மூன்றாம் நாள் திருவண்ணாமலை. சுமார் 2,670 அடி உயரமுள்ள அம்மலையின் தென் அடிவாரத்தில், செங்கம் சாலையில் ரமணாசிரமம் அமைந்திருக்கிறது. 1896இல் இளைஞராக இவ்வூருக்கு வந்த ரமணர், 1950இல் மறையும் வரை இம்மலையை விட்டு அகலவில்லை. அயல்நாட்டார் பலர் இன்றும் இப்பகுதியில் வந்து தங்குகின்றனர்.

“பிற சமயத்தார் புனிதமாகக் கருதும் இடத்திற்கு நாம் போகலாமா?” என்று நம் தாய்மார்கள் கேட்பது இயல்பு. நாம் வழிபாட்டில் பங்கேற்கச் செல்லவில்லை. இறைவன் படைத்த மலையைக் காணவும், அண்டை வீட்டார் எதை மதிக்கிறார்கள் என்பதை அறியவும் செல்கிறோம். நம் பள்ளிவாசலுக்கு வருவோரிடம் எந்தக் கண்ணியத்தை எதிர்பார்க்கிறோமோ, அதே கண்ணியத்தை அங்கே நாம் காட்ட வேண்டும். குரலைத் தாழ்த்துங்கள், தியானத்தில் இருப்போரைப் படம் பிடிக்காதீர்கள், அசைவ உணவை அங்கே எடுத்துச் செல்லாதீர்கள். அப்பகுதியில் கிடைக்கும் சைவ உணவு நமக்கும் தடையற்றது. பௌர்ணமி நாட்களில் 14 கிலோமீட்டர் மலைப்பாதையில் பெருந்திரள் கூடும். அந்நாட்களையும் கார்த்திகைத் தீப நாட்களையும் தவிர்ப்பது குடும்பத்தினருக்கு நலம்.

ஒருகாலத்தில் மொட்டையாக நின்ற இம்மலைச் சரிவுகளில் தொண்டர்கள் பல்லாண்டுகள் மரம் நட்டதன் பயனாகப் பசுமை திரும்பியிருக்கிறது. மரம் நடுவதை தர்மம் என்று போதித்த நபிகள் நாயகம் (ஸல்) அவர்களின் உம்மத்தினர் நாம். நம் ஊர்க் கபரஸ்தானில் எத்தனை மரம் நட்டோம் என்று அங்கே நின்று நம்மை நாமே கேட்டுக்கொள்ளலாம்.

நீரின் எச்சரிக்கை

அங்கிருந்து சுமார் 30 கிலோமீட்டர் தொலைவில், தென்பெண்ணை ஆற்றின் குறுக்கே 1958இல் கட்டி முடிக்கப்பட்ட சாத்தனூர் அணை இருக்கிறது. பூங்காவும் முதலைப் பண்ணையும் உண்டு. இதே ஆறுதான் கடலூரில் கடலோடு கலக்கிறது. 2024ஆம் ஆண்டு டிசம்பர் முதல் நாள், ஃபெஞ்சல் புயல் மழையில் அண்ணாமலையின் சரிவு இடிந்து வீட்டின் மேல் விழுந்ததில் ஏழு பேர் மாண்டனர்; அவர்களுள் ஐவர் குழந்தைகள். மறுநாள் சாத்தனூரில் திறக்கப்பட்ட வெள்ளம் கடலூர் வரை ஊர்களை மூழ்கடித்தது. எனவே ஐப்பசி, கார்த்திகை மழை நாட்களில் இப்பயணம் வேண்டாம். மற்ற நாட்களிலும் வனத்துறை தடை விதித்த மலைப்பாதையில் ஏறாதீர்கள். அறிமுகமில்லாத அலையிலும் ஆற்றிலும் பிள்ளைகளை இறக்காதீர்கள். தவக்குல் என்பது ஒட்டகத்தைக் கட்டிய பின் வைக்கும் நம்பிக்கையே.

பயணத்தில் தொழுகை

உல்லாசம் தொழுகையை விழுங்கிவிடக் கூடாது. மார்க்கம் பயணிக்குச் சலுகை தந்திருக்கிறது. ஏறத்தாழ 80 கிலோமீட்டருக்கு மேற்பட்ட பயணத்தில் ளுஹர், அஸர், இஷா ஆகிய நான்கு ரக்அத் ஃபர்ளுகளை இரண்டாகச் சுருக்கித் தொழலாம். சுபுஹிலும் மஃரிபிலும் சுருக்கம் இல்லை. ளுஹரையும் அஸரையும், மஃரிபையும் இஷாவையும் சேர்த்துத் தொழ ஷாஃபிஈ மத்ஹபில் அனுமதி உண்டு. ஹனஃபி மத்ஹபில் பயணத்திற்காகச் சேர்ப்பது இல்லை. தங்கும் நாட்களின் கணக்கும் இரு மத்ஹபுகளில் வேறுபடுவதால், புறப்படுமுன் உங்கள் ஆலிமிடம் கேட்டுக்கொள்ளுங்கள். ஒரு முஸல்லாவும் ஒளு எடுக்கத் தண்ணீர்ப் பாத்திரமும் பையில் இருந்தால், கோட்டை நிழலும் தொழுமிடம் ஆகிவிடும்.

நான்காம் நாள் எங்கும் செல்ல வேண்டாம். கடற்கரையிலேயே அமர்ந்திருங்கள். மகன் பள்ளியில் யாரோடு பழகுகிறான், மகள் மேலே என்ன படிக்க விரும்புகிறாள், மனைவி இத்தனை ஆண்டுகள் தனியே எவற்றைச் சுமந்தாள் என்று கேளுங்கள். தொலைபேசியில் கேட்க முடியாத பதில்கள் அங்கே கிடைக்கும். சம்பாதித்த பொருளைப் பின்னரும் சம்பாதிக்கலாம். பிள்ளைகளின் பத்து வயது மீண்டும் வராது. இன்ஷா அல்லாஹ், அடுத்த விடுப்பின் நாட்காட்டியில் திருமணத் தேதிகளைக் குறிக்குமுன் இந்த நான்கு நாட்களைக் குறித்து வையுங்கள்.