குல்மார்க்கின் நடுப்படி

பனிச்சறுக்குப் பழக வருகிறவர்களைக் குல்மார்க் அன்போடு வரவேற்கிறது. காஷ்மீரில் ஏறத்தாழ 2,650 மீட்டர் உயரத்தில் உள்ள இந்த ஊரின் பெயருக்குப் பூக்களின் புல்வெளி என்று பொருள். கோடையில் கோல்ஃப் ஆடும் அந்தப் புல்வெளிதான் பனி விழுந்ததும் பள்ளிக்கூடமாகிறது. சரிவு தணிவு, விழுந்தாலும் மெத்தை. அங்கிருந்து கோண்டோலா என்னும் கேபிள் கார் முதல் கட்டமாக 3,000 மீட்டருக்கு மேல் உள்ள கோங்டூரிக்கும், இரண்டாம் கட்டமாக 3,900 மீட்டரைத் தாண்டிய அஃபர்வத் மலைத்தோளுக்கும் ஏற்றிச் செல்கிறது. அந்த உச்சியின் பொடிப்பனிக்காகவே கைதேர்ந்தவர்கள் பல நாடுகளிலிருந்து வருகிறார்கள். முதல் படியும் கடைசிப் படியும் அருமையாக அமைந்த இந்த மலையில் நடுப்படிகள் மிகக் குறைவு. குல்மார்க்கின் பெரிய குறை இதுதான் என்பது என் கருத்து.

ஐரோப்பிய ஆல்ப்ஸ் மலைகளில் சரிவுகளுக்கு நிறம் உண்டு. சுவிட்சர்லாந்தில் நூறு மீட்டர் முன்னே போனால் 25 மீட்டர் வரை இறங்கும் தடம் நீலம். 40 மீட்டர் வரை சிவப்பு. அதற்கும் மேல் கருப்பு. இரவில் இயந்திரம் ஓட்டிப் பனியை அமுக்கிச் சமன்செய்கிறார்கள். நீலத்தில் கால் நின்றவர் சிவப்பில் பல நாள் பழகிவிட்டுத்தான் கருப்பைப் பார்க்கிறார். குல்மார்க்கில் கோங்டூரியின் நாற்காலி லிஃப்டை ஒட்டி நடுத்தரச் சரிவுகள் சில இருக்கின்றன. ஆனால் அஃபர்வத்தின் பெரும்பகுதி யாரும் சமன்செய்யாத திறந்த மலை.

இந்த வேறுபாடு காலுக்குத்தான் உடனே தெரியும். புதிதாகப் பழகுகிறவருக்கு முதலில் சொல்லித்தருவது, பலகைகளின் முன்நுனிகளைச் சேர்த்து, பின்பக்கத்தை அகட்டி வேகத்தைத் தணிப்பது. இறுகிய பனியில் அது நல்ல பிரேக். முழங்கால் ஆழப் பொடிப்பனியில் அதே அகட்டல் காலை வாரிவிடும்; பலகைகள் ஆளுக்கொரு பக்கம் புதைந்துகொள்ளும். புல்வெளியில் ஒரு வாரம் தைரியமாகச் சறுக்கியவரைக் கோண்டோலா சில நிமிடங்களில் அங்கே இறக்கிவிடுகிறது. காற்றழுத்தம் கடல்மட்டத்தில் உள்ளதில் மூன்றில் இரண்டு பங்குக்கும் குறைவு. சீக்கிரமே மூச்சு வாங்கும். 30 பாகைக்கு மேல் சாய்ந்த சரிவுகளில் பனிச்சரிவு ஆபத்தும் உண்டு. 2023 பிப்ரவரியில் அஃபர்வத் பகுதியில் போலந்து நாட்டவர் இருவர் அப்படித்தான் இறந்தார்கள். அனுபவம் உள்ளவர்களையே விழுங்கும் மலையில் இரண்டாம் வாரக்காரர் எந்த நம்பிக்கையில் இறங்குவார்?

மலையின் காட்டுத்தன்மைதான் குல்மார்க்கின் புகழ், அதைச் சமன்செய்தால் மற்ற ஊர்களைப் போல் ஆகிவிடும் என்று சிலர் சொல்வார்கள். அந்தக் கவலை நியாயமானதே. ஆனால் உச்சியைத் தொடவேண்டியதில்லை. கோங்டூரிக்குக் கீழே ஊசியிலைக் காடுகளின் நடுவே இறங்கும் வழிகளில் இரண்டு மூன்றை நாள்தோறும் அமுக்கி, நிறம் குறித்து, எப்போதும் திறந்துவைத்தால் போதும். மேலே ரோந்துக் குழு வெடிவைத்துப் பனியை முன்கூட்டியே உதிர்க்கிறதே, அது பாதுகாப்பில்லையா என்றும் கேட்கலாம். அந்தப் பணி மதிப்புக்குரியது. ஆனால் அது கோண்டோலாவை ஒட்டிய கிண்ணச் சரிவுக்கு மட்டும்தான். எல்லைக்கயிற்றுக்கு அப்பால் இல்லை. பனி உதிர்ந்துவிட்டாலும் சரிவின் செங்குத்து குறைவதில்லை, பழகாத காலுக்கு அங்கே திரும்பத் தெரிவதுமில்லை. அதைப் பழக ஒரு சிவப்புத் தடம் வேண்டும். அதற்கு இடம் கோங்டூரியில்தான் இருக்கிறது.