செந்தொப்பியும் செப்புத் தட்டும்
வட ஆபிரிக்க அங்காடிகளில் ஓர் உலா

பிறநாட்டு நகரொன்றைக் காணச் செல்வோர், கோட்டையையும் கோபுரத்தையும் கண்டு களித்தபின், எஞ்சிய பொழுதைப் போக்குதற்கே கடைத்தெருவை நாடுவது வழக்கம். வட ஆபிரிக்காவின் பழம்பெரும் நகரங்களுக்கு இவ்வழக்கம் பொருந்தாது. ஆங்கு அங்காடியே நகரின் உயிர்நிலை. பள்ளிவாசலையும் கலாசாலையையும் சுற்றிக் கைவினைஞரின் பட்டறைகள் நெருங்கி நிற்கின்றன. ஆதலால், பொருள் வாங்குவதும் அங்கு நகரைக் காண்பதன் ஒரு கூறேயாகும்.

சென்ற விடுமுறையில் தூனிஸ், பெஸ், கெய்ரோ ஆகிய மூன்று நகரங்களையும் குடும்பத்துடன் காணும் வாய்ப்பு எமக்குக் கிட்டியது. இம்மூன்றையும் தேர்ந்தமைக்குக் காரணமானவர் இப்னு கல்தூன் என்னும் பேரறிஞர். அவர் 1332ஆம் ஆண்டில் தூனிஸ் நகரிற் பிறந்தார். பெஸ் நகரில் அரசபணி புரிந்தார். கெய்ரோவில் நீதிபதியாக விளங்கி, 1406ஆம் ஆண்டில் அங்கேயே மறைந்தார். 1377ஆம் ஆண்டில் அவர் எழுதிய ‘முகத்திமா’ என்னும் நூலிற் கைத்தொழில்களைப் பற்றித் தனியே ஆராய்ந்துள்ளார். மனிதன் ஈட்டும் பொருளுக்கு அடிப்படை அவனது உழைப்பே. தொழிலைக் கற்க ஆசிரியன் வேண்டும். வாங்குவோர் குன்றினால் தொழிலுங் குன்றும். இவை அவர் கண்ட முடிபுகள். ஆறு நூற்றாண்டுகள் கழிந்த பின்னரும் அம்முடிபுகளின் உண்மையை அவர் நடந்த தெருக்களிலேயே காணலாம்.

தூனிஸ்: ஒரு தொப்பியின் கதை

பழைய தூனிஸ் நகரின் நடுவே சைத்தூனாப் பள்ளிவாசல் நிற்கின்றது. அதன் தூண்களுட் பல பண்டைய கட்டடங்களிலிருந்து கொணரப்பட்டவை. பள்ளிவாசலின் அருகே நறுமணப் பொருள் விற்போரின் தெரு. அதன் பெயர் அத்தாரீன். நாம் ‘அத்தர்’ என வழங்குஞ் சொல்லும் இதன் உறவினதே. மணமும் தூய்மையும் உடைய தொழில்கள் வழிபாட்டிடத்தின் அருகிலும், ஓசையும் நாற்றமும் உடைய தொழில்கள் நகரெல்லையிலுமாக முன்னோர் வகுத்துள்ளனர். இவ்வொழுங்கை அறிந்தவர், மூக்கையுங் காதையுந் துணைக்கொண்டே வழி கண்டுகொள்ளலாம்.

இங்குள்ள சிறப்பான தெரு, ‘சேசியா’ எனப்படும் செந்தொப்பி செய்வோரின் தெருவாகும். 1609ஆம் ஆண்டு முதலாக ஸ்பெயின் நாட்டிலிருந்து துரத்தப்பட்ட முஸ்லிம்கள் இக்கலையை இங்கு வளர்த்தனர். ஒரு தொப்பி உருவாவதற்குப் பலர் உழைக்க வேண்டும். முதலிற் பெண்கள் கம்பளி நூலால் அதனைப் பேரளவிற் பின்னுகின்றனர். பின்னர் வெந்நீரிலுஞ் சவர்க்காரத்திலும் இட்டு அடித்துச் சுருங்கச் செய்கின்றனர். முள் நிறைந்த ஒருவகைச் செடியின் காயால் அதன் மேற்பரப்பைச் சீவி, செஞ்சாயந் தோய்த்து, அச்சிலிட்டு உருவாக்குகின்றனர்.

முற்காலத்தில் இத்தொப்பி பல நாடுகளுக்குஞ் சென்றது. துருக்கி நாட்டிலோ இதன் இனத்ததாகிய விறைத்த தொப்பி பெருவழக்காயிற்று. இலங்கையிலும் நியாயவாதி எம். சி. அப்துல் காதர் அத்துருக்கித் தொப்பியுடன் உயர் நீதிமன்றத்தில் வாதாட அனுமதிக்கப்படாமையால், 1905ஆம் ஆண்டிற் பெருங் கிளர்ச்சி எழுந்தது. 1925ஆம் ஆண்டிலே துருக்கி அரசு அத்தொப்பியைச் சட்டத்தால் விலக்கிற்று. எகிப்திலும் 1952ஆம் ஆண்டுப் புரட்சியின் பின் அது வழக்கொழிந்தது. வாங்குவோர் குன்றவே, தூனிஸ் தெருவிலும் இன்று சில பட்டறைகளே எஞ்சியுள்ளன. அங்கே தொப்பியைச் சீவிக்கொண்டிருந்த முதியவர் ஒருவரிடம், “உங்களுக்குப் பின் யார்?” என வினவினோம். தம் மகன் அலுவலகமொன்றிற் பணிபுரிவதாகக் கூறி, மீண்டுந் தொழிலிற் குனிந்தார். அவ்விடையின் பொருளை உணர எமக்கு மொழிபெயர்ப்பாளர் வேண்டியிருக்கவில்லை.

பெஸ்: விலையும் கூலியும்

மொறோக்கோ நாட்டின் பெஸ் நகரில், மோட்டார் வண்டி நுழையாத ஆயிரக்கணக்கான சந்துகள் உள்ளன. கழுதைகளுங் கோவேறு கழுதைகளுமே சுமைகாவிகள். “பாலக்! பாலக்!” என்ற கூவல் கேட்டால் உடனே சுவரோடு ஒட்டிக்கொள்ள வேண்டும். கைரவான் நகரிலிருந்து வந்த குடும்பத்தினளாகிய பாத்திமா அல் பிஹ்ரி என்னும் பெண்மணி 859ஆம் ஆண்டில் நிறுவியதாக மரபு கூறும் கரவிய்யீன் பள்ளிவாசல் இங்குள்ளது. முஸ்லிமல்லாதார் வாயிலில் நின்றே அதன் முற்றத்தைக் காணலாம். 1344ஆம் ஆண்டில் இலங்கைக்கு வந்து, ஆரியச் சக்கரவர்த்தியைக் கண்டு, சிவனொளிபாத மலை ஏறிய இப்னு பதூதாவின் யாத்திரை நூலும் இந்நகரிலேதான் 1355ஆம் ஆண்டில் எழுதி முடிக்கப்பெற்றது.

தோல் பதனிடுந் தொட்டிகளை மேன்மாடங்களிலிருந்து காட்டுகின்றனர். நாற்றத்தைத் தாங்குதற்குப் புதினா இலைக் கொத்தொன்றைக் கையில் தருவர். சுண்ணாம்பும் புறா எச்சமுங் கலந்த நீரிலே தோலை ஊறவைத்து மெதுவாக்கி, பின் சாயத் தொட்டிகளில் இறங்கி நின்று மிதிக்கின்றனர். இக்காட்சியைக் கண்டபின் தோற்செருப்பின் விலையை யாரும் எளிதாக இகழார்.

கரவிய்யீன் நூலகத்தின் அருகே செப்புக் கன்னாரின் முற்றம். சுத்தியல் ஒலி அங்கு ஓயாத தாளமாகக் கேட்கின்றது. என் மனைவி ஒரு செப்புத் தட்டை விலைபேசினார். அங்கே முதலிற் கூறும் விலை பேச்சின் தொடக்கமே. அதனால் எவருஞ் சினங்கொள்வதில்லை. வாங்குங் கருத்தில்லையாயின் விலை கேட்கலாம். ஆனால் விலை சொல்லலாகாது. சொன்ன விலைக்கு அவர் இசைந்தபின் மறுத்தல் மரியாதையன்று. கைப்பணி நிலையங்களில் நிலையான விலைக்குப் பொருள்கள் விற்கப்படுகின்றன. அவற்றை முன்னரே பார்த்துவைத்தல் நன்று. பேரம் பாதியளவில் நின்றபோது, மேலுங் கேட்கலாமென யான் சைகை செய்தேன். “இனியுங் குறைக்கக் கேட்டால் அவருடைய கூலியிலன்றோ கை வைக்கிறோம்?” என்றார் மனைவி. இப்னு கல்தூன் நூலிற் கூறிய பொருளியலை அவர் ஒரு வாக்கியத்தில் முடித்துவிட்டார்.

கெய்ரோ: பின்புறத்தைப் பாருங்கள்

கெய்ரோ நகரில், 972ஆம் ஆண்டிலே திறக்கப்பெற்ற அல் அஸ்ஹர் பள்ளிவாசலில் இப்னு கல்தூன் பாடஞ் சொன்னார். தக்க உடையுடன் செல்லும் எவரும் இன்று அதனுட் புகலாம். அங்குள்ள அறிஞர் செந்தொப்பியின் மேல் வெண்டுகில் சுற்றி அணிவதைக் காண்கையில், தூனிஸ் முதியவர் நினைவுக்கு வருவார்.

எதிரே கான் அல் கலீலி அங்காடி. இப்னு கல்தூன் கெய்ரோவுக்கு வந்த காலத்தையொட்டி, பதினான்காம் நூற்றாண்டின் இறுதியில் அது தோன்றியது. விளக்குகளும் வாசனைப் பொருள்களுங் கண்ணைக் கவரும். ஆயின், எகிப்தியக் கலைப்பொருள் போலத் தோன்றுவனவெல்லாம் எகிப்திற் செய்தனவல்ல. அத்தகைய போலிப் பொருள்களின் இறக்குமதியை 2015ஆம் ஆண்டில் அரசு தடைசெய்ய நேர்ந்தது.

தெற்கே சிறிது நடந்தால், 1092ஆம் ஆண்டில் எழுந்த சுவைலா வாயிலும், அதற்கப்பாற் கூடாரந் தைப்போரின் கூரையிட்ட தெருவும் வரும். ஆடவர் சம்மணமிட்டிருந்து, வண்ணத் துணித் துண்டுகளை ஊசியால் தைத்துத் தாமரையும் வட்டமுமாகக் கோலமிடுகின்றனர். அதே கோலத்தை இயந்திரத்தில் அச்சிட்ட துணியுங் குறைந்த விலைக்குக் கிடைக்கின்றது. தொலைவிலிருந்து நோக்குவார்க்கு வேற்றுமை தோன்றாது. அருகே சென்று தொட்டுப் பார்த்தால், தைத்த துண்டின் விளிம்பு விரலில் தட்டுப்படும். பின்புறத்தைத் திருப்பினால் ஊசி சென்ற வழி தெரியும்.

இந்நாடுகளுக்குச் செல்லவிருக்கும் அன்பர்களும், ஒருநாட் செல்லப்போகும் மாணவர்களும் இதனை மனத்திற் கொள்வாராக. பத்துப் போலிப் பொருள்களுக்கு ஈடாக, செய்தவரைக் கண்டு வாங்கிய ஒரு பொருள் போதும். அங்கு நாம் மனமுவந்து கொடுக்கும் நேரிய விலையில் ஒரு பங்கு, அத்தொழிலை இளையோன் ஒருவனுக்குக் கற்பிக்கும் ஆசானுக்கு நாம் செலுத்துங் குருதட்சிணையாகும்.