எகிப்தியக் கிரேக்கர்

எகிப்தியக் கிரேக்கர் என்போர் எகிப்தில், குறிப்பாக அலெக்சாந்திரியாவிலும் கெய்ரோவிலும் வாழும் கிரேக்க வம்சாவளியினர் ஆவர். அலெக்சாந்திரியா கி.மு. 331 இல் பேரரசன் அலெக்சாந்தரால் நிறுவப்பட்டதாயினும், இன்றுள்ளோர் பெரும்பாலும் 19 ஆம் நூற்றாண்டிலும் அதன் பின்னரும் வணிகத்தின் பொருட்டுக் குடியேறியோரின் வழித்தோன்றல்களே. 1843 இல் தோன்றிய அலெக்சாந்திரியக் கிரேக்கச் சமூக அமைப்பு பள்ளிகளையும் மருத்துவமனையையும் நடத்தியது. கவிஞர் கவாஃபி 1863 இல் இந்நகரில் பிறந்து, 1933 இல் இங்கேயே மறைந்தார்.

இவர்கள் கிழக்கு மரபுவழித் திருச்சபையைச் சேர்ந்தவர்கள். இதனைக் கோப்துத் திருச்சபையுடன் குழப்பிக்கொள்ளலாகாது. 451 ஆம் ஆண்டின் கால்செதோன் பொதுச்சங்கத்தை ஏற்பதா மறுப்பதா என்பதில் இரண்டும் பிரிந்தன.

நாசர் ஆட்சியின் தேசியமயமாக்கலை அடுத்து 1960களில் பெரும்பாலோர் நாட்டைவிட்டு வெளியேறினர். எனினும் அலெக்சாந்திரிய மறைமுதுவர் பீடம் அவர்களோடு தேய்ந்துவிடவில்லை. 1946 இல் உகாண்டா, கென்யா நாடுகளின் ஆப்பிரிக்கக் கிறித்தவர் குழுக்களை அது ஏற்றுக்கொண்டது. மறைமுதுவர் இன்றும் கிரேக்கரே. வழிபாடோ பல இடங்களில் சுவாகிலி முதலிய ஆப்பிரிக்க மொழிகளில் நடைபெறுகின்றது.