சேர்த்து வைத்த வரிசைகள்

நம் உடலில் நிகழும் காரியங்களில் பெரும்பாலானவற்றை நடத்தி வைக்கும் புரதங்கள், இருபது வகை அமினோ அமிலங்கள் ஏதோ ஒரு வரிசையில் கோவையாக இணைவதால் உண்டானவை என்பதும், அந்த வரிசையைப் பொறுத்தே ஒவ்வொரு புரதத்தின் உருவமும் தொழிலும் அமைகின்றன என்பதும் இன்று பள்ளி மாணவரும் அறிந்த செய்திகள். ஆனால் அப்படி ஒரு வரிசையை முதன்முதலாக முழுவதும் கண்டறிவதற்கு, கேம்பிரிட்ஜில் ஃப்ரெடரிக் சாங்கர் ஏறத்தாழப் பத்து ஆண்டுகள் உழைக்க வேண்டியிருந்தது. அவர் எடுத்துக்கொண்ட இன்சுலினில் இருந்தவையோ 51 அமிலங்களே.

அவர் காட்டிய வழியில் பலரும் பல வரிசைகளைக் கண்டு வெளியிட்டனர். எனினும் அவை வெவ்வேறு சஞ்சிகைகளில் சிதறிக் கிடந்தமையால், அவற்றுக்குள் சம்பந்தம் உண்டா என்று பார்ப்பது எளிதாயில்லை. இந்தக் குறையைத் தீர்க்கும் சங்கல்பத்துடன், அமெரிக்காவில் மார்கரெட் டேஹாஃப் என்னும் அம்மையார், தம் சகாக்களுடன் 65 புரதங்களின் வரிசைகளைத் திரட்டி, 1965-இல் ஒரு நூலாக வெளியிட்டார். அமினோ அமிலம் ஒவ்வொன்றுக்கும் ஓர் எழுத்து என்று அவர் வகுத்த சங்கேதமே இன்றளவும் உலகெங்கும் வழங்குகிறது. உயிர்த்தகவலியல் என்று பெயர் பெற்றுள்ள சாஸ்திரத்துக்கு அஸ்திவாரம் இட்டவர்களில் இவரையே முதல்வராக நான் கருதுகிறேன்; தொகுக்கும் பணியைக் குமாஸ்தா வேலையாக எண்ணும் மனப்பான்மை இன்னும் மறையவில்லையாதலால், இதை அழுத்திச் சொல்ல வேண்டியிருக்கிறது.

ஏனெனில், தொகுத்த பின்னரே ஒப்பிட முடியும். ஒரே நூலின் இரண்டு ஏட்டுப் பிரதிகளை அருகருகே வைத்து, எங்கே எழுத்து மாறியிருக்கிறது, எங்கே விட்டுப்போயிருக்கிறது என்று நுணுகிப் பார்த்து, இரண்டும் ஒரு மூலத்திலிருந்து பிரிந்தவையே என்று நிர்ணயிக்கும் பதிப்பாசிரியரைப் போல, கம்ப்யூட்டர் இரண்டு வரிசைகளைப் பொருத்திப் பார்த்து அவற்றின் உறவை மதிப்பிடுகிறது. புரதத்தின் தொழிலைக் கெடுக்காத மாற்றங்கள் அடிக்கடி நிகழும், கெடுப்பவை அபூர்வமாகவே நிலைக்கும் என்பதைக் கணக்கிட்டு அட்டவணையாக்கியவரும் டேஹாஃப் அம்மையாரே.

இவ்வாறு ஒப்பிடுவதால் வைத்தியத்துக்கு என்ன பிரயோஜனம் என்பது 1983-இல் தெரிந்தது. சான்டியேகோவிலுள்ள கலிபோர்னியா சர்வகலாசாலையில் ரஸ்ஸல் டூலிட்டில் என்பவர், வெளியாகும் வரிசைகளையெல்லாம் கம்ப்யூட்டரில் சேர்த்துத் தமக்கென ஒரு தொகுதியை வளர்த்து வந்தார். இரத்தத்தின் தட்டணுக்களிலிருந்து வெளிப்பட்டு, காயம் பட்ட இடத்தில் செல்களைப் பெருகும்படி தூண்டும் ஒரு வளர்ச்சிக் காரணியின் வரிசையில் ஒரு பகுதி அவ்வாண்டு வெளியாயிற்று. அதைத் தம் தொகுதியோடு ஒப்பிட்ட டூலிட்டில், குரங்குகளுக்குப் புற்றுக்கட்டியை உண்டாக்கும் ஒரு வைரஸின் ‘சிஸ்’ என்ற மரபணு விதிக்கும் புரதத்தோடு அது ஏறக்குறைய அப்படியே பொருந்துவதைக் கண்டார். லண்டனில் மைக்கேல் வாட்டர்ஃபீல்டின் குழுவினரும் தனியே இதே முடிவுக்கு வந்து, இரு சாராரும் ஜூலை மாதத்திலேயே வெளியிட்டனர். காயத்தை ஆற்றுவதற்கென்று உடலில் அமைந்த கட்டளையே, அளவும் காலமும் இன்றி ஓயாமல் பிறப்பிக்கப்படும்போது புற்றாக விளைகிறது என்பது இதனால் புலனாயிற்று. மனிதரின் தோலில் தோன்றும் ஓர் அபூர்வமான புற்றிலும், இதே காரணியின் மரபணு வேறொரு மரபணுவோடு ஒட்டிக்கொண்டு அளவின்றி வேலை செய்வது பிற்பாடு தெரியவந்தது. அக்காரணியின் கட்டளையைச் செல் ஏற்காதபடி தடுக்கும் இமாட்டினிப் என்ற மருந்து, அந்நோய்க்கு 2006-இல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது.

டூலிட்டில் தனியாய் வளர்த்தது போன்ற தொகுதிகள் இன்று சர்வதேசப் பொதுச் சொத்து. அமெரிக்காவில் 1982-இல் தொடங்கிய ஜென்பாங்க், ஐரோப்பாவிலும் ஜப்பானிலும் உள்ள இணையான ஸ்தாபனங்களோடு நாள்தோறும் செய்திகளைப் பரிமாறிக்கொள்கிறது. 1990-இல் வந்த ‘ப்ளாஸ்ட்’ என்ற தேடுமுறையை யாரும் கட்டணமின்றிப் பயன்படுத்தலாம். கொரோனா வைரஸின் மரபணு வரிசையிலுள்ள ஏறக்குறைய 30,000 எழுத்துக்கள் 2020 ஜனவரியில் பொதுவில் வெளியானபோது, வைரஸின் மாதிரி தம் கைக்கு வருமுன்பே, பெர்லின் விஞ்ஞானிகள் அதைக் கண்டறியும் பரிசோதனையை வகுத்துவிட்டார்கள்.

ஆயினும் ஒரு தொகுதியில் புகுந்த பிழை, ஒப்புமையை நம்பிப் பெயரிடுவோர் வாயிலாக நூற்றுக்கணக்கான இடங்களுக்குப் பரவக்கூடும் என்ற அபாயத்தை மறைப்பதற்கில்லை. புரதங்களின் முப்பரிமாண வடிவங்களைச் சேமிக்கும் களஞ்சியம் 1971-இல் ஏழே வடிவங்களோடு தொடங்கியது; அங்கே சேரும் வடிவங்களைச் சோதிக்க, சென்னை சர்வகலாசாலையில் ஜி. என். ராமச்சந்திரனும் அவருடைய சகாக்களும் 1963-இல் வெளியிட்ட படம் இன்றும் பயன்படுகிறது என்பதில் நாம் நியாயமாகவே பெருமிதம் கொள்ளலாம். புரதத்தின் தொழிலைக் குறிக்கும் பெயர்களுக்கோ அத்தகைய கணித உரைகல் கிடையாது. ஆராய்ச்சிக் கட்டுரைகளை மனிதர் படித்துத்தான் தீர்மானிக்க வேண்டும். ஜெனீவாவில் அமோஸ் பெய்ரோக் 1986-இல் தொடங்கிய ‘ஸ்விஸ்-ப்ராட்’ தொகுதியில் இவ்விதம் பரிசீலனை செய்யப்பட்ட பதிவுகள் ஐந்தரை லட்சத்துக்கு மேல் இருக்கின்றன. கம்ப்யூட்டரே பெயரிட்டுவிட்ட பதிவுகளோ கோடிக்கணக்கானவை. ஆகையால் ஒரு நோயாளியின் மரபணுவுக்குப் பொருள் தேடும் வைத்தியர், முதலில் அந்தப் பதிவை ஒருவர் படித்துச் சரிபார்த்திருக்கிறாரா என்ற குறிப்பைப் பார்த்துக்கொள்வது அவசியம்.